தங்கச்சிக்கு வெட்டிக் கொடுத்த அலுமினியம்

என் தங்கச்சியை நினைத்தால் எனக்கு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. அன்பு இல்லை என்று சொல்லவில்லை. அன்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம், இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. அவள் எனக்கு ஒரு வகுப்பு இளையவள். உயர்தர வகுப்பில் அவளுக்குப் பௌதிகவியல் ரியூசன் தேவைப்படவில்லை, ஏனென்றால் நான் இருந்தேன். கணக்கு வராவிட்டால் என்னிடம் வந்து குந்துவாள், நான் சொல்லிக் கொடுப்பேன். சோதனையில் அவளைவிட எனக்குத்தான் நல்ல பெறுபேறு. கனடாவிலிருந்த மாமா, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் படிப்பிக்கலாம் என்று சொல்லியனுப்பியபோது எனக்குக் கல்யாணம் பேசி முற்றாகியிருந்தது. அதனால் அவள் போனாள். நடந்தது அவ்வளவுதான். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. செய்திருந்தாலாவது கோபிப்பதற்கு ஓர் ஆள் இருந்திருக்கும்.

நான் நெடுங்கேணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இவருக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு கராஜ். உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்பு, மோட்டார் சைக்கிள், போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு வான்கள் என்று எல்லாம் அங்கே வந்து படுக்கும். நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்தேன். கம்பியில் பாரத்தைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு நீளும், தகைப்பு என்றால் என்ன, விகாரம் என்றால் என்ன, இதையெல்லாம் உடைந்த தராசையும் துருப்பிடித்த படிக்கல்லையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விளக்குவேன். இவரும் உலோகத்தோடுதான் நாள் முழுக்க மாரடித்தார், நானும் உலோகத்தைப் பற்றித்தான் நாள் முழுக்கக் கத்தினேன். ஆனால் இவர் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சோறு ஆயிற்றா, சேட்டுக் காய்ந்ததா என்பதோடு முடிந்துவிடும். தன் தொழிலைப் பற்றி ஒருநாளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கும் அது பெரிதாகத் தெரிந்ததில்லை, அவள் வரும்வரைக்கும்.

அவள் வந்த நேரம் இவருக்கு நல்ல நேரம் அல்ல. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் மீன் எடுத்து வவுனியாவுக்குக் கொண்டுபோகும் ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். இடம்பெயர்ந்து போய், பாதை திறந்ததும் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தவர். இவர் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். நானாவின் வான் வண்டியில் என்ஜினின் மேல் மூடி, அதாவது சிலிண்டர் ஹெட், அலுமினியம். கிடங்கும் குழியுமான எங்கள் ரோட்டில் அது சூடேறி வெடிப்பு விட்டது. இவர் வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஓடியது, பிறகு ஒட்டுக்குப் பக்கத்தில் வெடித்தது. திரும்பவும் ஒட்டினார், திரும்பவும் அதற்குப் பக்கத்தில் வெடித்தது. வானுக்குள் ஐஸ் உருகி மீன் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்க, நானா கராஜ் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

“தம்பி, நீங்க ஒட்டின இடம் மலை மாதிரி நிக்குது. பக்கத்து இடந்தான் போகுது.”

அவர் ஏசியிருந்தால் இவர் தாங்கியிருப்பார். சிரித்ததால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அலுமினியம் ஒட்டுவது இரும்பு ஒட்டுவது போல் அல்ல. இரும்பு சூடேறினால் சிவக்கும், நிறத்தைப் பார்த்துக் கையை நிறுத்தலாம். அலுமினியம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அப்படியே இருந்துவிட்டு, திடீரென்று உருகி ஊற்றிவிடும். அதனால் வெளியிடங்களில் சவர்க்காரத்தைத் தேய்த்து, அது கறுக்கும் நேரம் பார்த்து ஒட்டுவார்களாம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்களுக்குக் குளிக்கவே சவர்க்காரம் இல்லை. இவர் ஈர்க்கால் தேய்த்துப் பழகினார். ஈர்க்கு கருகிக் கபில நிறத்தில் கோடு விட்டால் சூடு போதும். ஒட்டி முடிந்ததும் ஈரச் சாக்கைப் போட்டு ஆற்றிவிடுவார். ஒட்டுவதற்கு உருக்கி விடும் கம்பியும் அந்தக் காலத்தில் கிடையாது. சண்டையில் விழுந்த விமானங்களின் தகடு அப்போது வன்னியில் எல்லா வேலைக்கும் ஆனது. வள்ளத்துக்கு ஒட்டுப் போட்டார்கள், எங்கள் குசினியில் புட்டுப் பானைக்கு மூடிகூட அதுதான். இவர் அந்தத் தகட்டைக் கீலம் கீலமாக வெட்டி ஒட்டுக் கம்பியாகப் பாவித்தார். பாதை திறந்து கடையில் கம்பி வந்த பிறகும் விடவில்லை. “வானத்திலை பறந்த சாமான். இதைவிடத் திறமான அலுமினியம் எங்கை இருக்குது?” என்பார். அந்தப் பக்கத்து மெக்கானிக்மார் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன்.

பாதை திறந்த மறு வருடம், ஓகஸ்ட் விடுமுறைக்குத் தங்கச்சி வந்து இறங்கினாள். ஜீன்ஸ், குட்டைத் தலைமயிர், வாய் நிறையச் சிரிப்பு. என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். கார் கொம்பனிகள் காரின் பாரத்தைக் குறைக்கப் பார்க்கின்றனவாம். பாரம் குறைந்தால் எண்ணெய் மிச்சம். அதனால் என்ஜினை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது அதற்குள் ஓர் இழுபறி தங்கிவிடும், அதை அளப்பதுதான் அவளுடைய வேலை. எதை வைத்து அளப்பாய் என்றேன். அணு உலையிலிருந்து வரும் நியூத்திரனை வைத்து என்றாள்.  நியூத்திரன் என்ற சொல்லை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அவள் அதைக் கையில் எடுத்துப் புழங்குகிறாள்.

அடுத்த நாளே அவளுக்குக் கராஜ் பார்க்க வேண்டுமாம். எண்ணெய் ஊறிய நிலத்தில் குந்திக்கொண்டு, நானாவின் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கி மடியில் வைத்தாள். வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“அத்தான், இது வெளியிலை ஆரும் இழுத்து வெடிக்கேல்லை. உள்ளுக்கை இருக்கிற இழுவையாலை வெடிச்சது.”

“உள்ளுக்கை ஆர் இருந்து இழுக்கிறது, மச்சாள்?”

“அதுவே அதை இழுக்குது.”

இவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அப்போது நான் தேத்தண்ணியோடு வந்துகொண்டிருந்தேன். அவள் விளக்கினாள். ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பக்கத்து உலோகம் சுருங்க விடாது. அந்த மல்லுக்கட்டு ஆறிய பிறகும் அங்கேயே இருக்கும். மேசையில் சும்மா கிடக்கும்போதும் இருக்கும். எக்ஸ்றே அடித்தால் உலோகத்தின் மேல்தோலை மட்டும் பார்க்கலாம். நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லாததால் அது அலுமினியத்துக்குள் ஆழமாகப் போகும். உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைகளில் பட்டு, நியூத்திரன் ஒரு குறித்த கோணத்தில் திரும்பி வரும். கோணத்தை அளந்தால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். இடைவெளி கூடியிருந்தால் அந்த இடம் இழுபடுகிறது, குறைந்திருந்தால் நெரிபடுகிறது. அணு வரிசைதான் அவளுக்கு அளவு பார்க்கும் அடிமட்டம்.

“அப்ப மச்சாள், வெட்டாமலே உள்ளுக்கைப் பாக்கலாமோ?”

“ஓம் அத்தான்.”

“அப்ப நான் ஒட்டினதிலை எந்த இடம் கூட இழுக்குதெண்டு சொல்லுவியளோ?”

“சொல்லலாம்.”

அப்ப மச்சாள், அப்ப மச்சாள் என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. இவருக்குள் இவ்வளவு கேள்வி இருந்தது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில் தகைப்பும் விகாரமும் நான் வருடா வருடம் படிப்பிக்கிற பாடம். நியூத்திரன் பகுதியைக்கூட அவள் பாதி சொல்ல மீதி எனக்கு விளங்கிவிட்டது. தட்டத்தோடு அங்கேயே நின்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது. அதைக் கொண்டுபோய் வேலியடியில் ஊற்றினேன்.

எங்கள் பக்கத்தில் அத்தானும் மச்சாளும் பகிடி விட்டுக் கதைக்காவிட்டால்தான், என்ன கோபமோ என்று சனம் கேட்கும். ஆகவே சனம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்படி ஒன்றும் சந்தேகப்படவில்லை, சத்தியமாக. புருசனுக்கு வேறொருத்தியில் மனம் போனால் சண்டை பிடிக்கலாம், அழலாம், ஊரைக் கூட்டலாம். புருசன் வேறொருத்தியிடம் கேள்வி கேட்கிறான் என்று எங்கே போய் முறையிடுவது? இரவு சாப்பிடும்போது இவர் சொன்னார், “மச்சாள் சொல்லேக்கை ஒரு நிமிசத்திலை விளங்கிட்டுது.” நான் சோற்றுக் கரண்டியைச் சட்டியில் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். அதற்கும் இவர், “காணும், போடவேண்டாம்” என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் அதிபருக்குக் கதை போய்விட்டது. விடுமுறை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள் வந்து பேச வேண்டும் என்றார். வந்தாள், பேசினாள். ஆனால் கனடாவில் ஆங்கிலத்தில் படித்ததால் பாடச் சொற்கள் அவளுக்குத் தமிழில் மறந்துவிட்டன. ஒவ்வொரு வசனத்திலும் என் பக்கம் திரும்பி, “அக்கா, அதுக்குத் தமிழிலை என்ன?” என்று கேட்பாள். நான் கதிரையில் இருந்தபடி சொல் எடுத்துக் கொடுத்தேன். தகைப்பு. விகாரம். மீள்தன்மை. பளிங்கு. அவள் பேச்சாளர், நான் அகராதி. முடிவில் அதிபர் எழுந்து, வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்தும் எவ்வளவு அழகான தமிழ் என்று அவளைப் பாராட்டினார். என் கெட்டிக்கார மாணவி ஒருத்தி போகும்போது என்னிடம் வந்து, “ரீச்சர், உங்கடை தங்கச்சி எவ்வளவு லேசாச் சொல்லித் தாறா!” என்றாள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த தவணை முழுக்க நான் கரும்பலகை அழிக்கும் வேலை கொடுத்தேன்.

அவள் வெளிக்கிடும் நாள் வந்தது. நான் அவளுக்காக மிளகாய் வறுத்து இடித்துத் தூள் ஆக்கியிருந்தேன், பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலும் கட்டியிருந்தேன். இவர் ஒரு சாக்குப் பொதியோடு வந்தார். பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் தான் ஒட்டிய பகுதியை, ஒட்டோடும் வெடிப்போடும் பெரிய துண்டாக அரிந்து எடுத்திருந்தார். அதைக் கனடாவுக்குக் கொண்டுபோய் அளந்து பார்க்கலாம் என்று இரண்டு பேரும் கதைத்து வைத்திருந்தார்களாம். எனக்கு அப்போதுதான் தெரியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள், பாரம் கூடிவிட்டது. தங்கச்சி கொஞ்சம் யோசித்தாள்.

“அக்கா, குறை நினையாதை. தூளை அடுத்த முறை கொண்டுபோறன்.”

தூளும் ஒடியலும் மேசையில் இருந்தன. அலுமினியம் பெட்டிக்குள் போனது. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து கொட்டிப் பார்ப்பார்கள், உலோகத் துண்டு என்றால் ஆயிரம் கேள்வி வரும். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆனால் அந்தத் துண்டை மட்டும் பறித்து வைத்துவிட வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் கேட்டேன். பிள்ளையார் இப்படியான வேண்டுதல்களைக் கவனிப்பதில்லை. வாகனத்தின் உடைந்த பாகம் என்றதும் விட்டுவிட்டார்களாம்.

அதன் பிறகு இவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவுக்குப் போய், ரெலிபோன் கடையில் இருந்து கனடா அழைப்புக்குக் காத்திருப்பார். நெடுங்கேணியில் பஸ் ஏறி, புளியங்குளம் போய், ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்று, திரும்ப ஏறி, அவ்வளவு தூரம். சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்வார். சாமானும் வாங்குவார். ஆனால் போகும் நாட்களில் மட்டும் விடியவே முகச்சவரம் செய்வார். கராஜுக்குப் போகும் மனிசன் கிழமைக் கணக்கில் தாடியோடு திரிவார், எங்கள் கல்யாண நாளுக்குக்கூட நினைவுபடுத்த வேண்டும்.

“ரெலிபோனிலை முகம் தெரியுமோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னெண்டு?”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

இவருக்கு விளங்கவில்லை. விளங்காதவரோடு பொறாமைப்படுவது இன்னும் கஷ்டம்.  நான் என்ன கேட்டேன்? இவர் அவளோடு கதைக்கக் கூடாது என்று கேட்கவில்லை. என்னிடமும் ஒரு கேள்வி கேட்கட்டும், அவ்வளவுதான். பக்கத்து அறையில் அதே படிப்புப் படித்த ஒருத்தி இருக்க, இவர் கேள்வியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குக் காத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, அப்படிப் போய்வந்தவர் சேட்டும் கழற்றாமல் நேராகக் குசினிக்கு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“இஞ்சேரும், உம்மட்டை ஒண்டு கேக்கோணும்.”

உப்பு முடிந்ததா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“மச்சாள் இன்னொரு துண்டு கேக்கிறா. இழுவையே இல்லாத துண்டாம். ஒட்டின சாமானிலை இழுவை இல்லாத துண்டு எப்பிடி வரும்? லைனும் இரைச்சல், எனக்கு விளங்கேல்லை.”

“கொஞ்சம் பொறுங்கோ, கை கழுவிட்டு வாறன்” என்றேன். கிணற்றடிக்குப் போய்த் தேவைக்கு மேல் தண்ணீர் அள்ளிக் கழுவினேன். அவசரப்பட்டு அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வந்திருந்து சொன்னேன். அணு வரிசைகளின் இடைவெளியை அவள் அளக்கிறாள். ஆனால் அந்த இடைவெளி கூடவா குறைவா என்று எதை வைத்துச் சொல்வாள்? யாரும் இழுக்காமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு அதே உலோகத்தில் தாயக்கட்டை அளவு சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டி எடுத்தால் பக்கத்தில் இருந்து இழுப்பவர்கள் போய்விடுவார்கள். கயிறு இழுத்தல் போட்டியில் ஒருவனை வெளியே எடுத்தால் அவன் நிமிர்ந்து நிற்பான் அல்லவா, அப்படி அந்தத் துண்டு தன் சொந்த அளவுக்கு வந்துவிடும். அவளிடம் இருக்கும் துண்டை முழுதாக அளந்து முடியும்வரை வெட்ட முடியாது. அதனால்தான் அதே மாதிரி இன்னொன்றை ஒட்டி, அதை வெட்டி அனுப்பச் சொல்கிறாள்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, எந்தப் பக்கம் இருந்து வெட்டுறது?” என்றார். அப்ப! எனக்கு வந்த முதல் அப்ப. ஒட்டிலிருந்து ஒன்று, ஒட்டின் ஓரத்திலிருந்து ஒன்று, தள்ளி ஒன்று, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அடையாளமும் வேண்டும் என்றேன். தேங்காய்ப் பாதி துருவலகில் காய்ந்தது. அன்றைக்குச் சம்பல் இல்லாமல்தான் சாப்பிட்டோம், இவர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆனால் மனிசன் ஒரு வேலை செய்தார். சில நாள் கழித்து ஒரு பின்னேரம், பழைய துணியில் சுற்றி எதையோ கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். விரித்தால், ஒட்டிய அலுமினியம். கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, வவுனியாவில் வாங்கிய புதுக் கம்பி போட்டு, ஆற அமர ஒட்டி, அரத்தால் ராவி மினுக்கி வைத்திருந்தார். ஒட்டிய இடமே தெரியவில்லை.

“இது சரிவராது” என்றேன்.

“ஏன்? இதைவிட நல்லா ஆராலும் ஒட்டேலுமோ?”

“நல்லா இருக்கிறதுதான் பிழை. முதல் அனுப்பினது எப்பிடியோ அப்பிடியே இருக்கோணும். அதே விமானத் தகடு, அதே ஈரச் சாக்கு. இல்லாட்டி அதோடை இதை வைச்சுப் பாக்கேலாது.”

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. “கனடாவிலை வெள்ளைக்காரனெல்லாம் பாக்கப்போறான். என்ரை கை இவ்வளவுதானெண்டு நினைக்கட்டும் எண்டு சொல்லுறீரோ?”

“முதல் போனதும் உங்கடை கைதானே! கெட்டதைக் கெட்டதாவே செய்யுங்கோ.”

நான் கத்தியதற்குப் பௌதிகவியல் மட்டும் காரணம் அல்ல. அந்த மினுக்கம் என் கண்ணைக் குத்தியது. எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த வாளிகூட இவர் கைபடாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அவளுக்கு அனுப்புவதற்கு இப்படி ராவி மினுக்கியிருக்கிறார். அதையும் சொன்னேன். “வாளியைப் பற்றி இப்ப என்ன கதை?” என்றார். இரண்டு நாள் கதை இல்லை.

பிறகு அவரே வந்து, “சரி வாரும், வந்து பக்கத்திலை நில்லும். தனிய நிண்டால் எனக்குக் கெட்டதாச் செய்ய வராது” என்றார். போனேன். உண்மையிலேயே அவருக்கு வரவில்லை. ஒரு முறை நன்றாகச் செய்து பார்த்த கை, திரும்பவும் நன்றாகத்தான் போகப் பார்த்தது. நான் பக்கத்தில் நின்று, தகட்டுக் கீலத்தை எடுங்கோ, ஈர்க்கு தேய்த்தது காணும், இப்ப சாக்கைப் போடுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரச் சாக்கு பட்டதும் சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. முந்தியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று சந்தோசப்படுவாராம். இப்போது, இழுவை உள்ளே பூட்டுப்படும் சத்தம் இதுதானோ என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வெட்டுவதற்குப் பல பின்னேரங்கள் போயின. வேகமாக அரிந்தால் சூடேறும், சூடேறினால் எல்லாம் பாழ். இவர் மெல்ல மெல்ல அரியும் வாளை இழுக்க, நான் செம்பிலிருந்து தண்ணீரை ஒழுக விட்டேன். ஒவ்வொரு துண்டும் வந்து விழ, ஒட்டின் நீளப் பக்கம், குறுக்குப் பக்கம், ஆழப் பக்கம் என்று மூன்று முகத்திலும் ஊசியால் அம்புக்குறி கீறினேன். நானா ஒருநாள் மீன் கொண்டுவந்து தந்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன, புருசனும் பெண்சாதியும் சேர்ந்து தாயம் விளையாடுறியளோ?” என்றார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சொல்ல, இவர் கேட்க, இவர் கேட்க, நான் சொல்ல, அந்தப் பின்னேரங்கள் எனக்கு நன்றாகவே இருந்தன. அப்போது எனக்குத் தங்கச்சியின் நினைவே வரவில்லை.

வவுனியாவுக்கு வந்து கனடா திரும்பிய ஒருவரிடம் துண்டுகளைக் கொடுத்தனுப்பினோம். நீண்ட நாள் ஒரு செய்தியும் இல்லை. அணு உலையில் அவளுக்கு முறை வரக் காத்திருக்க வேண்டுமாம். கடைசியில் முடிவு சொல்கிறேன் என்று ஒரு நாள் குறித்தாள். இவர் சவரம் செய்தார். நானும் சீலை மாற்றிக்கொண்டு, எனக்கும் வவுனியாவில் அலுவல் இருக்கிறது என்று பஸ் ஏறினேன். என்ன அலுவல் என்று இவர் கேட்கவில்லை.

ரெலிபோன் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவள் உரத்துக் கதைப்பவள், எனக்கும் கேட்டது.

“அத்தான், ஒட்டுக்குப் பக்கத்திலை இழுவை நான் நினைச்சதைவிடக் கூட. நானா சொன்னது சரி, பக்கத்து இடந்தான் போகும். அந்த விமானத் தகட்டை விடுங்கோ. அது பறக்கத்தான் திறம், உருக்கி ஒட்டினால் ஆறேக்கையே ஓரத்திலை வெடிப்பு விடுற சாதி. பழைய பிஸ்டனை உருக்கிக் கம்பி வார்த்து ஒட்டுங்கோ. ஈரச் சாக்கும் வேண்டாம். சுடுற உமிச் சாம்பலுக்கை தாட்டு வைச்சு, மெல்ல ஆற விடுங்கோ.”

“ஓம் மச்சாள். ஓம். ஓம்.” இவர் ஒவ்வொன்றையும் சுவரில் விரலால் எழுதுவது போல் எழுதிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்து பிறகு நானாவின் ஹெட் நின்று பிடித்தது, அது வேறு கதை.

“இன்னொண்டு அத்தான். அந்தச் சின்னத் துண்டுகள் இல்லாட்டி என்னாலை ஒண்டும் சொல்லியிருக்கேலாது. இஞ்சை இருக்கிற ஆக்களே இவ்வளவு கவனமா வெட்டி அடையாளம் போட மாட்டினம். என்ரை பேராசிரியர் தூக்கித் தூக்கிப் பாத்தவர். உங்களுக்கு நல்ல மூளை.”

“சீச்சீ” என்றார் இவர். முகம் பூரித்துக் காது சிவந்துவிட்டது. “அதிலை என்ன மச்சாள்.”

நான் காத்திருந்தேன். அடுத்த சொல்லில் நான் வருவேன் என்று நின்றேன். உங்கடை அக்காதான் சொன்னவா என்று ஒரு வசனம், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்.

நான் றிசீவரைப் பறித்தேன்.

“அதை எப்பிடி வெட்டுறதெண்டு சொன்னது நான்” என்றேன். என் குரல் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. “அடையாளம் போட்டதும் நான்.”

 

“தெரியும் அக்கா” என்றாள். இப்போது உரத்துக் கதைக்கவில்லை. “அம்புக்குறியைப் பாத்த உடனை தெரியும். உன்ரை கைதானே எனக்குப் பௌதிகம் படிப்பிச்சது. அத்தானுக்கு விளங்காது, உன்னட்டைத்தான் வருவார் எண்டு தெரிஞ்சுதான் அவரிட்டைக் கேட்டனான்.”

“என்னட்டை நேரை கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தால் நீ செய்திருப்பியோ, அக்கா?”

நான் றிசீவரை இவர் கையில் திணித்துவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். இவர் வந்து, “மச்சாள் என்ன சொன்னவா?” என்று கேட்டார். குளிராம் என்றேன்.

நான் செய்திருக்க மாட்டேன். வினாத்தாள் திருத்தக் கிடக்கிறது, நேரம் இல்லை என்று சொல்லியிருப்பேன், மூன்றாம் நாள் மறந்தும் இருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பௌதிகவியலில் அவள் என்னை முந்தியதை ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். என்னை அறிந்து வைத்திருப்பதிலும் அவளே முந்தி நிற்கிறாள் என்பதைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.